கர்னல் சண்டைக்குத்தான் போகிறார்

பான்யாங்கின் வலது கை இடது கையைவிடப் பருமனானது. இருபது வருடமாகக் கரோக்கிப் பெட்டியை மூன்று சக்கர வண்டியில் ஏற்றி இறக்கியதில் அப்படி ஆகிவிட்டது. அவளுடைய கணவன் நெமெசியோ கப்பலில் சமையல்காரனாகப் போய் முதல் தடவை ஊர் திரும்பியபோது கொண்டுவந்த பெட்டி அது. லூபிகனில் பிறந்தநாள், ஞானஸ்நானம், நிச்சயதார்த்தம் எதுவானாலும் பெட்டி வாடகைக்குப் போகும். பெட்டியோடு அவளும் போவாள். ஒருவர் பாடி முடித்ததும் பெட்டி மதிப்பெண் காட்டும். குறைவாக வாங்கியவர்கள் பெட்டியைத் திட்டுவார்கள். இன்னும் குறைவாக வாங்கியவர்கள் பான்யாங்கைத் திட்டுவார்கள்.

வெள்ள எச்சரிக்கைக்கென்று கையால் சுற்றும் சங்கு ஒன்றை நகராட்சி ஊருக்குக் கொடுத்தது. பயிற்சி கொடுக்க வந்தவர், "மூணு நிமிஷம் நிறுத்தாம சுத்தணும். யாரால முடியும்?" என்று கேட்டார். ஆண்கள் நான்கு பேர் சுற்றிப் பார்த்து, தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பான்யாங் ஐந்து நிமிடம் சுற்றினாள். காதைப் பொத்திக்கொண்டு நின்றவரிடம், "போதுமா, இன்னும் வேணுமா?" என்றாள். சங்கு அவள் வீட்டுக்கு வந்தது. வீடு பாலத்தை ஒட்டியிருந்தது இன்னொரு வசதி.

லூபிகனுக்கு மேலே, ஆறு மலையிலிருந்து இறங்கும் இடத்தில் தினாகன் என்ற ஊர் இருக்கிறது. அங்கே பெய்யும் மழை இங்கே வந்து சேர ஐந்து மணி நேரம் ஆகும். தினாகனில் தாதோ என்பவர் தண்ணீரைப் பார்த்துப் பான்யாங்குக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். அவள் சங்கைச் சுற்ற வேண்டும். ஊர் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏற வேண்டும். ஏற்பாடு இவ்வளவுதான். தாதோ பார்ப்பதற்காகத் தினாகன் பாலத்தடியில் ஒரு கம்பம் நட்டு, அடியில் பச்சை, நடுவில் மஞ்சள், உச்சியில் சிவப்பு பூசியிருந்தார்கள்.

போன வருடம் அக்டோபர் மாதம், புனித ரபேல் திருவிழா. இரண்டு ஊருக்கும் அவர்தான் காவல் புனிதர். தினாகன் திருவிழாக் குழு பாலத்தின் கைப்பிடிகளுக்குச் சிவப்புச் சாயம் அடித்தது. அரை வாளி மிஞ்சியது. மிஞ்சிய சாயத்தைத் திருப்பிக் கொண்டுபோவது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை. திருவிழாவுக்கு முன் எது மங்கித் தெரிந்தாலும் அதன்மேல் ஒரு கை பூசிவிடுவார்கள். கம்பம் மங்கித் தெரிந்தது.

மறுநாள் தாதோ, புனிதரின் பல்லக்கில் முன்பக்கத் தோள். ஊர்வலம் பாலத்தைக் கடந்தபோது கீழே எட்டிப் பார்த்தார். தண்ணீர் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. புனிதரைக் கீழே வைத்துவிட்டு இறங்கிப் பார்க்க முடியுமா? காலியாக இருந்த கையால் தொலைபேசியை எடுத்து, "செவப்பு! செவப்பு!" என்று கத்தினார். முழங்கால் அளவுத் தண்ணீர்.

பான்யாங் சங்கைச் சுற்றினாள். இருநூறு குடும்பங்களும் மணிலாவிலிருந்து வந்திருந்த விருந்தாளிகளும் முழுதாக வறுத்த பன்றிகளை மூங்கிலோடு தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட மேட்டுக்கு ஓடினார்கள். தூக்க ஆள் இல்லாதவர்கள் விட்டுவிட்டு ஓடினார்கள். சாயங்காலம்வரை நின்று பார்த்தார்கள். ஆறு கொட்டாவி விட்டபடி போய்க்கொண்டிருந்தது. இறங்கி வந்தபோது, சேவல் வளர்க்கும் அப்யோங் வீட்டுப் பன்றியை ஊர் நாய்கள் எலும்பு மிச்சமில்லாமல் கொண்டாடி முடித்திருந்தன.

அன்றிலிருந்து நான்கு தூறல் விழுந்தால் போதும். "மனாய், பன்னியைத் தூக்கட்டுமா?" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். மூத்த பெண்களை மனாய் என்றும் மூத்த ஆண்களை மனோய் என்றும் கூப்பிடுவது அங்கே மரியாதை. அந்த மரியாதையோடுதான் கேட்பார்கள். பான்யாங்கும் சிரித்துவிடுவாள். "தூக்கு, தூக்கு. உன் தலையைவிடக் கனம் கம்மிதான்" என்பாள். ஆனால் வீட்டுக்குள் போய்ச் சங்கைத் துணி போட்டு மூடிவைத்தாள். கரோக்கிப் பெட்டிக்குக்கூட அவள் துணி போட்டதில்லை.

தாதோ ஒரு வாரம் கழித்து நேரில் வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழமும் வெட்கமுமாக நின்றார்.

"சாமியைத் தோள்ல வெச்சுக்கிட்டு பொய் சொல்வேனா பான்யாங்? செவப்பாத்தான் இருந்துச்சு."

"மனோய், இனிமே கலரே வேணாம். உங்க ஊர்ல துணி துவைக்கிற படித்துறைக்கு எத்தனை படி?"

"இருபத்திரண்டு."

"கல்லா, சிமெண்டா?"

"கல்லு."

"அதுக்கு யாரும் பெயிண்ட் அடிக்க மாட்டாங்களே?"

"அடிச்சா வழுக்கும். பொம்பளைங்க கொன்னே போடுவாங்க."

"அப்போ முங்கின படியை எண்ணிச் சொல்லுங்க. தினமும் காலையில ஆறு மணிக்கு. மழை இருந்தாலும் சரி, இல்லேன்னாலும் சரி."

ஒரு வருடம் அவர் எண்ணிச் சொன்னார். அவள் பழைய நாட்காட்டியின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். சாதாரண நாளில் நான்கு படி. எட்டு முங்கினால் இங்கே வயல் நனைந்தது. ஒன்பதரை முங்கிய அன்று ஆற்றங்கரைக் கோழிக்கூடுகளுக்குள் தண்ணீர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பதினொன்று என்றால் தெருவுக்குள் வரும் என்று அவள் கணக்குப் போட்டு, கேட்டவர்களிடமெல்லாம் சொல்லியும் வைத்திருந்தாள். பதினொன்று ஒரு நாளும் வரவில்லை.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது.

அன்று லூபிகனில் நல்ல வெயில். மூன்று நாள் மூட்டத்துக்குப் பிறகு வந்த வெயில் என்பதால் தெரு முழுக்க நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். மலைப்பக்கம் மட்டும் கறுப்பாகக் கிடந்தது. வானொலியில் காற்றழுத்தத் தாழ்வு என்றார்கள். புயல் என்று சொல்லவில்லை, பெயரும் வைக்கவில்லை. பெயர் வைக்காத மழைக்கு அங்கே யாரும் பாயைச் சுருட்ட மாட்டார்கள்.

காலையில் தாதோ ஏழு படி என்றிருந்தார். பத்து மணிக்குத் தானாகவே கூப்பிட்டு ஒன்பது என்றார். பன்னிரண்டரைக்கு மறுபடியும் மணி அடித்தது.

"பன்னெண்டு" என்றார் தாதோ. பின்னால் மழை இரைந்தது.

"மனோய், நல்லா பாத்தீங்களா?"

"பாக்கிறதா? பதிமூணாவது படியில நிக்கிறேன். கால் நனையுது. பான்யாங், தோள்ல யாரும் இல்ல இன்னிக்கு."

அவள் துணியை எடுத்துவிட்டுச் சங்கைப் பாலத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள். மூன்று நிமிடம் சுற்றினாள். நின்றாள். மறுபடி மூன்று நிமிடம் சுற்றினாள்.

நெல் கிளறிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார்கள். வானம் நீலமாக இருந்தது. பிறகு அவளைப் பார்த்தார்கள்.

"மனாய், பன்னி இன்னும் வேகல!" என்று ஒருவன் கத்தினான். தெரு சிரித்தது.

"அடுப்பே பத்த வைக்கல மனாய், கொஞ்சம் பொறுங்க!"

பக்கத்து ஊர் ஞானஸ்நான விருந்தில் இருந்த கப்பித்தானைக் கூப்பிட்டாள். கப்பித்தான் என்றால் ஊர்த் தலைவர். வாயில் எதையோ மென்றுகொண்டே பேசினார்.

"நகராட்சியில இருந்து ஒண்ணும் வரலையே மனாய்."

"தண்ணி நகராட்சி வழியா வராது கப்பித்தான். ஆத்து வழியா வரும்."

"அதுக்கில்ல. போன தடவை மாதிரி ஆயிடுச்சுன்னா அடுத்த எலெக்‌ஷன்ல என்னைத்தான் வறுப்பாங்க. இன்னொரு தரம் விசாரிச்சுட்டு சொல்லுங்க."

அவள் வைத்துவிட்டாள். பன்னிரண்டே முக்கால். ஐந்தரைக்குத் தண்ணீர் வரும். ஆற்றங்கரையோடு மட்டும் எண்பது வீடுகள். வீடு வீடாகப் போய்ப் பன்றிக் கதையைக் கேட்டுக்கொண்டு, பதில் சொல்லிக்கொண்டு, கெஞ்சி, ஒவ்வொருவரையும் கிளப்ப நேரம் போதாது. தோளும் வலித்தது. பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்து கரையைப் பார்த்தாள்.

கரையில் அப்யோங்கின் சேவல்கள் நின்றன. முப்பத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் தகரத்தால் செய்த முக்கோணக் கூடாரம், காலில் கயிறு. லூபிகனில் அப்யோங் சொல்வதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அவன் சேவல்களுக்கு என்ன தீனி வைக்கிறான், எதைத் தடவுகிறான், எப்போது வெயிலில் விடுகிறான் என்பதை ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். அதில் கர்னல் என்று ஒன்று. செம்பொன் கழுத்து, கறுத்த வால். ஏழு சண்டையில் ஜெயித்தது. கர்னலுக்குத் தும்மல் வந்த வாரம் பாதிரியாரே விசாரித்தார்.

பான்யாங் கரைக்கு இறங்கினாள்.

அப்யோங் கர்னலைத் தொடை இடுக்கில் வைத்துக்கொண்டு இஞ்சித் தண்ணீரால் காலைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனுடைய மனைவி லூமிங், பெட்டிக்கடை ஜன்னலுக்குள் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"வாங்க மனாய்" என்றான் அப்யோங். "பன்னி இல்ல. கருவாடுதான் இருக்கு. கருவாட்டையும் மேல தூக்கணுமா?"

"ஜனங்களை விடு. அவங்க வரட்டும், வராம போகட்டும். நான் கர்னலுக்காக வந்தேன்."

"கர்னலுக்கு என்ன?"

"அடுத்த ஞாயிறு பெரிய சண்டை இருக்குல்ல. இன்னிக்கு சாயந்தரம் இந்த எடத்துல இடுப்பளவு தண்ணி நிக்கும். நீ கயித்தை அவுக்கிறதுக்குள்ள நனைஞ்சு போவான். நனைஞ்சா சளி பிடிக்கும். சளி பிடிச்ச சேவல் மூக்கை ஒழுக விட்டுக்கிட்டு களத்துல நிக்கும்."

அப்யோங் கர்னலின் கொண்டையைத் தொட்டுப் பார்த்தான். பிறகு வானத்தைப் பார்த்தான்.

"தண்ணி வரும்னு போன வருஷமும் சொன்னீங்க. என் பன்னி போச்சு."

"போச்சு. அந்தப் பன்னிக்கு நான்தான் பொறுப்பு. ஒத்துக்கறேன். இன்னிக்குத் தண்ணி வரலேன்னா என் கரோக்கிப் பெட்டியைக் கொண்டாந்து உன் கூடத்துல வைக்கிறேன். ஒரு வருஷம். வாடகை வேணாம். பகல்ல எவ்வளவு பாட முடியுமோ பாடிக்கோ."

அப்யோங்கின் கை நின்றது. ஊரிலேயே பெட்டி மிகக் குறைந்த மதிப்பெண் கொடுத்தது அவனுக்குத்தான். அவன் பாடுவதை நிறுத்தியதும் இல்லை.

"ஐயோ!" என்றாள் லூமிங் ஜன்னலுக்குள் இருந்து. "தண்ணியே வரட்டும் மனாய்!"

"மனாய், பெட்டி உங்க பொழப்பாச்சே" என்றான் அப்யோங்.

"ஆமா."

அவன் அவளுடைய முகத்தைப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. அவனும் ஒரு வருடமாக அவளைச் சிரிக்காமல் பார்த்ததில்லை.

"எத்தனை படி?" என்றான் கடைசியில்.

"பன்னெண்டு."

"சேவலுங்களை மட்டும் ஏத்தறேன். வேற ஒண்ணும் இல்ல. உங்களை நம்பித்தான் ஏத்தறேன்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"நான் ஏன் சொல்றேன்?"

அவன் வண்டியை எடுத்தான். முதல் நடை கர்னல் மட்டும். துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு லூமிங் உட்கார்ந்தாள். வண்டி நெல்லுக்கு நடுவே ஒரு முழ இடைவெளியில் மெதுவாகத் தெருவைக் கடந்து பள்ளிக்கூட மேட்டுக்குத் திரும்பியது. யாரும் சிரிக்கவில்லை. நெல் கிளறும் பலகைகள் நின்றன.

"கர்னலை எங்க கொண்டு போறாங்க?"

"காத்து வாங்கவா இருக்கும்."

"மேட்டுக்கா?"

இரண்டாவது நடையில் ஆறு சேவல்கள், கோணிப்பையில், தலை மட்டும் வெளியே. மூன்றாவது நடை வருவதற்குள் தெருவின் கோடியில் ஒருத்தி நெல்லைக் கூட்டத் தொடங்கியிருந்தாள். "வெயில் போதும்னு தோணுச்சு" என்றாள் கேட்காமலே. அடுத்த வீட்டுக்காரனுக்கும் வெயில் போதும் என்று தோன்றியது. நான்காவது நடைக்குத் தெருவில் நெல் இல்லை. ஐந்தாவது நடைக்கு முன்னால் பாய், பாத்திரம், தைக்கும் இயந்திரம், ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, மாதா சொரூபம் எல்லாம் மேட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. தண்ணீருக்குப் பயந்து போவதாக ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் காற்று நன்றாக வருமாம். அக்கா வீடு அந்தப் பக்கமாம். பன்றியைத் தூக்கட்டுமா என்று கத்தினவன், உயிருள்ள பன்றி ஒன்றைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு பான்யாங்கைப் பார்க்காமல் கடந்தான்.

"வெந்துடுச்சாடா?" என்றாள் பான்யாங்.

அவன் வேகமாக நடந்தான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் வலிக்கவும் செய்தது. ஆறு நிமிடம் கை ஒடியச் சுற்றியதற்கு எழுந்திருக்காத ஊர் ஒரு சேவலுக்கு எழுந்திருக்கிறது. சரி, எழுந்துவிட்டது. அவள் கரையோரமாக ஒவ்வொரு வீடாகக் குரல் கொடுத்துக்கொண்டு போனாள். கதவுகள் பூட்டியிருந்தன. மீன் வலை பின்னும் ஒருவர் மட்டும் கட்டிலைத் தூக்க ஆள் இல்லாமல் நின்றார். ஒரு பக்கத்தை அவள் பிடித்தாள். கட்டிலை மேட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது மணி ஐந்து. பெட்டி நினைவுக்கு வந்தது.

இறங்கி ஓட முடியாது. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆறு நிறம் மாறியிருந்தது. முதலில் இலை, பிறகு சுள்ளி, பிறகு வேரோடு ஒரு வாழைமரம் வந்தது.

அப்யோங்கின் வண்டி கடைசி நடையாக மேடேறியது. வண்டியில் கரோக்கிப் பெட்டி. அதன் தலையில் மூன்று சேவல்கள் கால் கட்டி உட்கார்ந்திருந்தன. ஒன்று பெட்டியின்மேல் எச்சம் போட்டிருந்தது.

"ஒரு வருஷம் பாடலாம்னு நெனச்சேன்" என்றான் அப்யோங். சக்கரங்களில் சேறு. "சனியன் பிடிச்ச தண்ணி, வந்து கெடுத்துடுச்சு."

தண்ணீர் ஐந்தே முக்காலுக்கு வந்தது. தெருவில் நெல் கிடந்த இடங்கள் கால் மணி நேரம் தெரிந்தன, பிறகு தெரியவில்லை. அப்யோங்கின் தகரக் கூடாரங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக் கடல் பக்கம் போயின. பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் எல்லோரும் நின்று பார்த்தார்கள். கப்பித்தான் விருந்துச் சட்டையோடு வந்து சேர்ந்து பெயர் வாசித்தார். அந்த ஊரில் எல்லாக் குடும்பப் பெயர்களும் ஒரே எழுத்தில் தொடங்குபவை. ரெபுயான், ரெகிந்தோ, ரெலூசியோ என்று போய்க்கொண்டே இருக்கும். பாதி வாசிப்பதற்குள் அவருக்கு எங்கே விட்டோம் என்று தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து வாசித்தார். ஒருவர் குறையவில்லை.

வகுப்பறை பெஞ்சுக் கால்களில் கட்டியிருந்த முப்பத்தொரு சேவல்களும் இருட்டுக்கும் விடியலுக்கும் வித்தியாசம் பார்க்காமல் கூவின. அன்றைக்கு மட்டும் அவற்றை ஒருவரும் திட்டவில்லை.

சேறு வழித்து முடிக்கப் பத்து நாள் ஆயிற்று. நகராட்சியிலிருந்து ஒரு பெண் படிவத்தோடு வந்தாள். எச்சரிக்கை எப்படிக் கிடைத்தது என்று வீடு வீடாகக் கேட்டாள். சங்கு, தொலைபேசி, வானொலி, மற்றவை என்று நான்கு கட்டங்கள். எல்லோரும் மற்றவை என்றார்கள். மற்றவை என்றால் என்ன என்று கேட்டதற்கு, சேவல் என்றார்கள். அவள் பான்யாங்கிடம் வந்து, "சங்கு வேலை செய்யலையாக்கா?" என்று கவலையோடு கேட்டாள்.

"நல்லா வேலை செய்யுது. சேவல் கொஞ்சம் பக்கத்துல இருக்கணும், அவ்வளவுதான்."

தள்ளிப்போன பெரிய சண்டை டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வந்தது. வெயிலுமில்லை, மழையுமில்லை. அப்யோங் காலையில் குளித்து, தலை வாரி, கர்னலைத் துண்டில் சுற்றி வண்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினான். முதல் திருப்பத்தில் ஒருத்தி உலையை இறக்கிவிட்டாள். இரண்டாவது திருப்பத்தில் பாய்கள் சுருண்டன. அவன் பாலத்துக்கு வருவதற்குள் நாற்பது பேர் மூட்டையும் முடிச்சுமாக முன்னால் நின்றார்கள். தைக்கும் இயந்திரமும் வந்திருந்தது.

"எத்தனை படி அப்யோங்?"

"படியாவது மண்ணாவது! சண்டைக்குப் போறேன்!"

"மறைக்காத. எங்களுக்கும் உசுரு இருக்கு."

"கர்னல் மேல சத்தியம், சண்டைக்குத்தான் போறேன். பத்து மணிக்கு எடை போடுவாங்க. வழி விடுங்கய்யா!"

"அப்போ ஏன் குளிச்சிருக்க?"

அவன் வண்டியை அங்கேயே விட்டுவிட்டுச் சேவலோடு பான்யாங் வீட்டுக்கு ஓடி வந்தான். அவள் பெட்டியின்மேல் இன்னும் போகாத ஒரு கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மனாய், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் கலைவாங்க."

"நான் சொன்னா நம்புவாங்களா?"

"மனாய், விளையாடாதீங்க. மணி ஒம்பதே கால்!"

அவள் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தாள். காலை ஆறு மணிக்கு எழுதியது. பெட்டியை வாசலுக்கு இழுத்து, கம்பியைச் செருகி, ஒலிவாங்கியை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"லூபிகன் மக்களுக்கு அறிவிப்பு" என்றாள். குரல் ஆற்றின் அக்கரைவரை போயிற்று. "தினாகன் படித்துறையில் இன்று நாலு படி. கர்னல் சண்டைக்குத்தான் போகிறார். உலையை மறுபடி ஏத்துங்க."

பாலத்தில் மூட்டைகள் திரும்பின. தைக்கும் இயந்திரத்தை நான்கு பேர் முனகிக்கொண்டே தூக்கினார்கள். ஒருவர்கூட அவளிடம் நிஜமாகவா என்று கேட்கவில்லை. பன்றிக் கதையை யாரும் எடுக்கவில்லை. அவள் அதைக் கவனித்தாள்.

அப்யோங் வாசலில் கர்னலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"இனிமே ஒவ்வொரு ஞாயிறும் இப்படிச் சொல்லணும் மனாய். இல்லேன்னா நான் வீட்டை விட்டு வெளிய போக முடியாது. சேவலை நம்பறாங்க. நான் சொன்னா ஒரு பய நம்ப மாட்டேங்கறான்."

"பழகிடும்" என்றாள் பான்யாங். ஒலிவாங்கியை அணைக்க மறந்திருந்ததால் ஊர் முழுக்கக் கேட்டது. "எனக்கு ஒரு வருஷம் ஆச்சு."